ஆலயத்தில் குழந்தை அழுதால் யார் வெளியே போவது?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆலய மணி அடித்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. பாட்டு முடிந்தது. வேத வாசிப்பு முடிந்தது. போதகர் பிரசங்கத்தைத் தொடங்குகிறார்.

அந்த நேரம் பார்த்து ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது.

முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் பெரியவர் "உச்சு" கொட்டுகிறார். தாய் குழந்தையைத் தட்டிக் கொடுக்கிறாள். தோளில் போட்டு ஆட்டுகிறாள். குழந்தை அடங்கவில்லை. கடைசியில் ஒருவர் வந்து, "அம்மா, பிள்ளையைக் கொஞ்சம் வெளியே தூக்கிட்டுப் போங்களேன்" என்கிறார்.

தாய் தலையைக் குனிந்து கொண்டு வெளியே போகிறாள். வேப்ப மரத்து நிழலில் நிற்கிறாள். மீதிப் பிரசங்கம் அவள் காதில் பாதிதான் விழுகிறது.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை.

சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஆனால் ஒரு குடும்பம் ஆலயத்தை விட்டுப் போய்விட்டது.

ஆராதனையில் எது இடைஞ்சல்? எது பங்கு பெறுதல்? யாரை அடக்குவது? யாரை அழைப்பது? உலகம் எங்கும் கிறிஸ்தவ சபைகள் இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக் கொண்டிருக்கின்றன. கேள்வி இன்று பிறந்தது அல்ல. அதற்கு ஏறக்குறைய 2,000 வயது ஆகிறது.

கொரிந்து பட்டணத்துக் கூச்சல்

கிரேக்க நாட்டில் கொரிந்து என்று ஒரு துறைமுகப் பட்டணம். அங்கே முதல் நூற்றாண்டிலேயே ஒரு சிறிய கிறிஸ்தவ சபை இருந்தது. அந்தச் சபையில் உற்சாகத்துக்குக் குறைவு இல்லை. ஒருவர் பாடுவார். அதே நேரத்தில் மற்றொருவர் அந்நிய பாஷையில் பேசுவார். மூன்றாமவர் எழுந்து உபதேசம் செய்வார். யார் சொல்வதும் யாருக்கும் விளங்காது.

சபையை நிறுவிய பவுல் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது பைபிளில் இருக்கிறது. "பேசாதீர்கள்" என்று அவர் சொல்லிவிடவில்லை. இரண்டு பேரோ மூன்று பேரோ, ஒருவர் பின் ஒருவராகப் பேசுங்கள் என்றார். பிறருக்குப் புரியாத பாஷையில் பேசினால், அர்த்தம் சொல்ல ஒருவர் வேண்டும் என்றார். புதிதாக ஒருவர் உள்ளே வந்தால் இவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்க மாட்டாரா என்றும் கேட்டார்.

அவர் வைத்த அளவுகோல் சுலபமானது. நடப்பது எதுவானாலும் எல்லோருக்கும் பயன்பட வேண்டும். ஒழுங்காக நடக்க வேண்டும். இன்று வரை சபைகள் கையில் எடுக்கும் அளவுகோல் இதுதான்.

அதே கடிதத்தில் பெண்கள் சபையில் பேசக் கூடாது என்றும் வருகிறது. அதைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையிலும் வேறு சில சபைகளிலும் பெண்கள் குருக்களாக முடியாது. தென்னிந்தியத் திருச்சபையோ 1976-ம் ஆண்டு முதல் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்து வருகிறது. 2013-ம் ஆண்டில் ஆந்திராவின் நந்தியால் பேராயத்துக்கு ஒரு பெண்ணே பேராயர் ஆனார். ஒரு காலத்தில் இடைஞ்சல் என்று கருதப்பட்ட குரல், இப்போது பீடத்தில் நின்று ஆராதனை நடத்துகிறது.

நாய் விரட்ட ஓர் ஆள்

பழைய நாளில் இங்கிலாந்தில் வேறு ஒரு தொல்லை இருந்தது. கிராமத்து மக்கள் ஆலயத்துக்கு வரும்போது அவர்களுடைய நாய்களும் கூடவே வந்துவிடும். பிரசங்கத்தின் நடுவே நாய்கள் கடித்துக் கொள்ளும். இதற்காகவே சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்தார்கள். அவர் கையில் சவுக்கு இருக்கும். சில ஊர்களில் நீண்ட மர இடுக்கியும் இருக்கும். நாயின் கழுத்தை அதில் பிடித்து வெளியே கொண்டு போய் விடுவார். தூங்குபவர்களைத் தட்டி எழுப்புவதும் பல ஊர்களில் அவர் வேலைதான்.

அமெரிக்காவில் குடியேறிய பியூரிட்டன் சபைகளில் நீண்ட கோலுடன் ஒரு காவலர் நின்றார். கோலின் ஒரு முனையில் குமிழ். மறு முனையில் நரி வால். சேட்டை செய்யும் பையன்களுக்குக் குமிழ். கண் அயரும் பெண்களுக்கு நரி வால்! பழைய வரலாறுகள் இப்படிக் கூறுகின்றன.

இன்று சவுக்கும் இல்லை, கோலும் இல்லை. ஆனால் கோலின் வேலையைக் கண்கள் செய்கின்றன. திரும்பிப் பார்க்கும் ஒரு பார்வை போதும்; அடி பட்டது போல் இருக்கும்.

உண்மையில் இடைஞ்சல் செய்தது யார்?

சில நேரங்களில் ஒழுங்கு என்ற பெயரிலேயே அநியாயம் நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் செயிண்ட் ஜார்ஜ் ஆலயம். 18-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. கருப்பு இன மக்கள் தங்களுக்கு ஒதுக்கிய இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. ஒரு நாள் ஜெபம் தொடங்கியது. அப்சலோம் ஜோன்ஸ் என்ற கருப்பர் முழங்காலில் நின்று ஜெபித்துக் கொண்டிருந்தார். ஆலய நிர்வாகி ஒருவர் வந்து, "எழுந்திரு, இது உன் இடம் அல்ல" என்று பிடித்து இழுத்தார். ஜெபம் முடியும் வரை பொறுங்கள் என்று ஜோன்ஸ் கெஞ்சினார். நிர்வாகி பொறுக்கவில்லை.

ஜெபம் முடிந்தது. கருப்பு மக்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்து வெளியேறினார்கள். அவர்களில் ஒருவர் ரிச்சர்டு ஆலன். அவர் 1794-ம் ஆண்டில் தனி ஆலயம் கண்டார். 1816-ல் அது ஒரு தனிச் சபையாகவே வளர்ந்தது. இன்று அந்தச் சபை பல நாடுகளில் பரவி இருக்கிறது.

அன்று ஆராதனையைக் குலைத்தது யார்? முழங்காலில் நின்றவரா? அவரைப் பிடித்து இழுத்தவரா?

நெல்லைச் சீமையிலும் இப்படி ஒரு கதை உண்டு. வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர்களின் திருக்குடும்ப ஆலயம் 1872-ல் எழும்பியது. அதன் அமைப்பே விசித்திரம். பீடம் ஒன்று, ஆனால் மக்கள் நிற்கும் கூடம் இரண்டு. கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல அவை பிரிந்து நின்றன. ஒரு சாதியார் ஒரு பக்கம். மற்றவர்கள் மறு பக்கம். சண்டை வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

1910-ம் ஆண்டில் பாதிரிமார்கள் தடுப்பை இடித்தார்கள். ஒரு தரப்பார் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு சென்னை ஐக்கோர்ட்டு வரை சென்றது. ஆலயத்தில் சாதிக்கு ஒரு தனி இடம் வேண்டும் என்ற கோரிக்கை அங்கே ஏற்கப்படவில்லை.

தடுப்பு இருந்த காலத்தில் ஆராதனை அமைதியாகத்தான் நடந்தது. இடித்தபோதுதான் அமளி வந்தது. ஆனால் அந்த அமைதி நல்ல அமைதியா?

நாற்காலி பறந்தது

மக்களைக் கேட்காமல் ஆராதனையை மாற்றினாலும் ஆபத்துதான். ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் 1637-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி அது நடந்தது. முதலாம் சார்லஸ் மன்னர் ஒரு புதிய ஜெபப் புத்தகத்தை மக்கள் மீது திணித்தார். செயிண்ட் கைல்ஸ் ஆலயத்தில் குரு அதை வாசிக்கத் தொடங்கியதும் கூச்சல் எழுந்தது. ஜென்னி கெடஸ் என்ற காய்கறிக்காரி, தான் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தூக்கிக் குருவின் மீது வீசினாள் என்பது செவிவழிக் கதை. கலவரம் நகரத்தில் பரவியது. அது நாடு தழுவிய எதிர்ப்பாக வளர்ந்து, மன்னரின் படைக்கும் ஸ்காட்லாந்து மக்களுக்கும் போரே மூண்டது.

முக்காலி வீசுவது சரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஜெபம் செய்ய வேண்டியவர்கள் மக்கள். அவர்கள் மனதை அறியாமல் எழுதிய ஜெபம் நிலைக்காது என்பதை அந்த நாள் காட்டிவிட்டது.

பார்த்தவர்கள் பங்காளிகள் ஆனார்கள்

இருபதாம் நூற்றாண்டில் பெரிய மாறுதல் வந்தது.

கத்தோலிக்க ஆலயங்களில் பூசை லத்தீன் மொழியில் நடந்து வந்த காலம் அது. சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று பூசை வைப்பார். பதில் மொழிகளைப் பூசைக்கு உதவும் சிறுவர்கள் சொல்வார்கள். மக்களில் பலர் தங்கள் பாட்டுக்கு ஜெபமாலை உருட்டிக் கொண்டிருப்பார்கள். ஆலயம் அமைதியாக இருக்கும். ஆனால் மொழி புரியாது.

1962 முதல் 1965 வரை ரோமாபுரியில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. 1963-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி அது வெளியிட்ட வழிபாட்டுச் சட்டம், மக்கள் எல்லோரும் அறிந்து உணர்ந்து பங்கு பெற வேண்டும் என்றது. அதன் பிறகு பூசை தாய்மொழிக்கு வந்தது. சாமியார் மக்களைப் பார்த்து நின்றார். மக்கள் வாய் திறந்து பதில் சொன்னார்கள். ஆசிரியரும் விவசாயியும் இல்லத்தரசியும் முன்னே வந்து வேதம் வாசித்தார்கள்.

இதற்கு முன்பே சென்னை ஒரு வழி காட்டியிருந்தது. 1947-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி சென்னை செயிண்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. வேறு வேறு பழக்கமுள்ள சபைகள் ஒன்று சேர்ந்தன. 1950-ல் அவை பொதுவாக ஒரு திருவிருந்து ஆராதனை முறையை உண்டாக்கின. அதில் மக்கள் சொல்ல வேண்டிய ஜெபங்கள் பல இருந்தன. சமாதானம் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. குருவானவர் தம் உதவியாளரின் கைகளைப் பற்றிச் சமாதானம் கூறுவார். அவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். அப்படியே கையோடு கையாக அது கடைசி வரிசை வரை போகும். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கம் அது. பிற நாட்டுச் சபைகளும் இந்த முறையை உற்றுக் கவனித்தன.

ஒருவருக்கு ஓசை, ஒருவருக்கு மௌனம்

எது ஒழுங்கு என்பது சபைக்குச் சபை மாறும்.

குவேக்கர் என்ற சபையார் கூடினால் மௌனமாக உட்கார்ந்து இருப்பார்கள். பாடல் இல்லை, பிரசங்கி இல்லை. மனதில் ஏவுதல் வந்தவர் எழுந்து சில வார்த்தைகள் பேசலாம். பிறகு மறுபடியும் மௌனம். பெந்தெகொஸ்தே சபைக்குப் போனால் நேர் மாறு. கைத்தட்டல், மேளம், சாட்சி சொல்லுதல், எல்லோரும் ஒரே நேரத்தில் குரல் எழுப்பி ஜெபித்தல். அங்கே வாய் மூடி இருப்பவரைத்தான், "தம்பிக்கு என்ன வருத்தமோ?" என்று விசாரிப்பார்கள்.

ஆனால் உற்சாகத்துக்கும் எல்லை உண்டு. அந்த எல்லை பக்கத்து வீட்டுச் சுவர். சென்னையில் ஒரு சபையின் ஒலிபெருக்கியும் மேளமும் தொல்லை தருவதாக அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2000-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி தீர்ப்பு வந்தது. பிறர் அமைதியைக் கெடுத்து ஜெபம் செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிபதிகள் கூறினார்கள். இந்தத் தீர்ப்பு எல்லா மதத்தாருக்கும் பொது.

வேண்டுமென்றே கெடுத்தால்?

குழந்தை தெரியாமல் அழுகிறது. தெரிந்தே ஆராதனையை நிறுத்த வருபவரை என்ன செய்வது?

1998-ம் ஆண்டு ஈஸ்டர் நாள். இங்கிலாந்தில் கேண்டர்பரி பேராலயத்தில் ஆர்ச்பிஷப் ஜார்ஜ் கேரி பிரசங்கம் செய்து கொண்டிருந்தார். பீட்டர் டாட்செல் என்பவரும் அவர் தோழர்களும் பிரசங்க மேடையில் ஏறினார்கள். ஒருபாலினத்தவரின் உரிமைகளை ஆர்ச்பிஷப் எதிர்க்கிறார் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. டாட்செல் மீது 1860-ம் ஆண்டுச் சட்டப்படி வழக்கு நடந்தது. மாஜிஸ்திரேட்டு விதித்த அபராதம் 18 பவுன் 60 பென்ஸ்! சட்டம் பிறந்த ஆண்டும் அபராதமும் ஒத்துப் போனதைக் கண்டு பலர் சிரித்தார்கள். வழக்குச் செலவு தனி.

இந்தியாவிலும் அதே 1860-ம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் வந்தது. அதன் 296-வது பிரிவு, சட்டப்படி கூடி வழிபடுபவர்களுக்கு இடைஞ்சல் செய்வதைக் குற்றம் என்றது. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் இது 300-வது பிரிவு. ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கோவில், மசூதி, சர்ச் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்.

ஒரு வார்த்தையைக் கவனிக்க வேண்டும். "வேண்டுமென்றே" செய்தால்தான் குற்றம். அழுகிற குழந்தையும் இருமுகிற தாத்தாவும் சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள் அல்ல.

ஜெபக் கூட்டத்தில் கும்பல் புகுந்து கலைத்ததாக நாட்டின் சில மாநிலங்களிலிருந்து செய்திகள் வந்திருக்கின்றன. அங்கே இந்தப் பிரிவு வெறும் எழுத்து அல்ல. சிறிய சபைகளுக்கு அது ஒரு வேலி.

வாசலில் நிற்பவரின் பாடு

இலங்கையில் 2019-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி. ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் சபை ஆகிய மூன்றிலும் குண்டு வெடித்தது. ஓட்டல்களிலும் வெடித்தது. 250 பேருக்கு மேல் மாண்டார்கள். மட்டக்களப்பில் குண்டுக்காரன் ஆராதனைக் கூடத்துக்குள் நுழைய முடியவில்லை. அவனை வாசலிலேயே தடுத்தார்கள். ஆனாலும் வெளியே இருந்த குழந்தைகள் பலர் உயிர் இழந்தார்கள்.

இப்படி ஒரு நாள் வந்த பிறகு, பையைச் சோதிக்காதே என்று எந்தச் சபையிடம் சொல்ல முடியும்? வாசலில் நிற்பவர் வணக்கம் சொல்லவும் வேண்டும், கவனிக்கவும் வேண்டும். வருகிறவரை எல்லாம் சந்தேகித்தால் அது ஆலயம் அல்ல. யாரையும் கவனிக்காவிட்டால் அங்கே உயிருக்குக் காவல் இல்லை. இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் அவர் பாடு.

அனுபவம் உள்ள சபைகள் இதற்குச் சில வழிகளைக் கையாளுகின்றன. குடித்துவிட்டோ மனம் கலங்கியோ ஒருவர் உள்ளே வந்து சத்தம் போட்டால், இழுத்து வெளியே தள்ளுவதில்லை. தெரிந்த முகம் ஒருவர் அவர் பக்கத்தில் போய் உட்காருவார். மெதுவாகப் பேசுவார். போதகர் கோபிக்காமல் ஒரு பாட்டைத் தொடங்குவார். சபை பாடும்போது அவரை வெளியே அழைத்துச் சென்று தண்ணீர் கொடுத்து விசாரிப்பார்கள். அவர் அடிக்க வந்தால் மட்டுமே போலீஸ்.

குழந்தைக்கு ஓர் இடம்

குழந்தைகளுக்காக மேல்நாட்டு ஆலயங்களில் கண்ணாடித் தடுப்பு போட்ட தனி அறை உண்டு. தாயும் பிள்ளையும் உள்ளே இருந்து ஆராதனையைப் பார்க்கலாம், ஒலிபெருக்கியில் கேட்கலாம். இது சிலருக்கு வசதி. சிலருக்கோ, ஒதுக்கி வைத்தது போன்ற வருத்தம். நம் கிராமத்து ஆலயங்களில் வழி வேறு. முன்னால் பாயை விரித்துப் பிள்ளைகளை எல்லோருக்கும் முன்பாக உட்கார வைப்பார்கள். கண் எதிரே நடப்பதைப் பார்க்கும் பிள்ளை, முதுகுகளை மட்டும் பார்க்கும் பிள்ளையை விடக் குறைவாகவே சேட்டை செய்யும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக, ஒலியைக் குறைத்துத் தனி ஆராதனை நடத்தும் ஆலயங்களும் இன்று உண்டு.

மறைந்த போப் பிரான்சிஸ் இதில் உறுதியாக இருந்தார். 2014-ம் ஆண்டு ரோம் நகரின் ஒரு பங்குக்குச் சென்றபோது, குழந்தை அழுகிறது என்று வெளியே அனுப்புவது தமக்குப் பிடிக்கவில்லை என்றார். சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, பசித்தால் இங்கேயே பால் கொடுங்கள் என்று தாய்மார்களிடம் சொன்னார். மைக்கேல் ஆஞ்சலோவின் ஓவியங்களுக்குக் கீழே குழந்தைகள் தாராளமாக அழுதன. பூசை நின்றுவிடவில்லை.

பெரியவர்களின் இடைஞ்சலைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பிரசங்கத்தின் நடுவே செல்போன் மணி அடிப்பது பெரியவர்களுக்குத்தான். கல்யாண நாளில் பீடத்தைச் சுற்றி நின்று மணமக்களை மறைப்பவர் வீடியோக்காரர். பாதியில் வந்து முன் வரிசைக்கு நடப்பவர் ஊர்ப் பிரமுகர். இவர்களை யாரும் வேப்ப மரத்தடிக்கு அனுப்புவதில்லை!

அடுத்த ஞாயிறு

ஆலயத்தில் ஒரு சத்தம் எழுந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. இவர் வழிபட வந்தவரா, வழிபாட்டை நிறுத்த வந்தவரா?

நிறுத்த வந்தவருக்குச் சட்டம் இருக்கிறது, காவல் இருக்கிறது. வழிபட வந்தவருக்குத் தேவை ஓர் இடமும் கொஞ்சம் பொறுமையும்தான். பிலடெல்பியாவில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஒரு கூட்டமே எழுந்து போனது. வடக்கன்குளத்தில் அதைக் கேட்க 38 ஆண்டுகள் ஆயின.

வேப்ப மரத்தடியில் நின்ற அந்தத் தாயின் வீட்டுக்கு இந்த வாரம் ஒருவர் போனால் போதும். "ஏம்மா, போன வாரம் காணோமே? பாப்பா எப்படி இருக்கு? வர்ற ஞாயிறு என் பக்கத்துல வந்து உட்காரு. அழுதா நான் தூக்கி வச்சுக்கிறேன்" என்று ஒரு பாட்டி சொன்னால் போதும்.

குழந்தை அப்போதும் அழலாம். ஆனால் திரும்பிப் பார்க்கும் முகங்களில் ஒன்று சிரிக்கும்.